கவாத்துக் காட்டில் இடப்பக்கம் திரும்பவும்

7 மே 2000, ஞாயிறு

இந்த வாரமும் ஃபாக்டரி நாலு நாள்தான் ஓடியது. தேயிலை விலை இப்படியே விழுந்துகொண்டிருந்தால் அடுத்த மாதம் மூன்று நாளாம். இருபத்தேழு வருடம் வாரத்துக்கு ஒரு லீவு என்று இருந்தவனுக்கு இத்தனை லீவைக் கொடுத்தால் அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? காலையிலிருந்து பேப்பரை மூன்று தடவை படித்துவிட்டேன். பங்கஜத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றீங்க, எனக்குத் தலை சுத்துது. எங்காச்சும் நடந்துட்டு வாங்க, போங்க" என்று துரத்திவிட்டாள்.

போனேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தைத் தாண்டி எஸ்டேட் ரோட்டில் மேலே. இந்த ரோட்டில் ஜீப்பில் போயிருக்கிறேனே தவிர நடந்ததில்லை. தேயிலைக் காடுகளின் நம்பரெல்லாம் எனக்கு ரெஜிஸ்டரில்தான் பழக்கம். ஒன்பதாம் நம்பரில் போன மாதம் கவாத்து முடிந்திருக்கிறது. செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார்கள். ஓர் இலை கிடையாது, சரிவு முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கிறது. சுற்றிலும் பச்சை, நடுவில் அது மட்டும் மொட்டை.

அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கவாத்துக் குச்சிகளை விறகுக்குக் கட்டிக்கொண்டு சின்னம்மை வந்தாள். கொழுந்து எடுப்பவள், டெம்பரவரி லிஸ்டில் பதினான்காவது பெயர். பதினேழு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவள்.

"கிளாக்கரய்யா, வழி தப்பிட்டீங்களா?"

"வழி தப்ப நான் என்ன கைக்குழந்தையா?"

"இல்லய்யா, சும்மா கேட்டேன். இங்கன வரைக்கும் வந்துட்டு வேட்டி ஃபால்ஸ் பாக்காமப் போறீங்களே."

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது! மானம் போகும், அதனால் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு அவள் பின்னால் போனேன். ஒன்பதாம் நம்பரில் இடப்பக்கம் ஒரு ஒற்றையடிப் பாதை. சோலைக்குள் கால் மணி நேரம். காலில் ஏழு அட்டை. ஆனால் அருவி, சும்மா சொல்லக்கூடாது, வெளுத்த வேட்டியைப் பாறையில் காயப்போட்ட மாதிரியேதான் இருக்கிறது.

21 மே, ஞாயிறு

மூன்றாவது முறை போய்விட்டு வந்தேன். முட்டி வலி குறைந்திருக்கிறது. பங்கஜம் கட்டிக் கொடுத்த தக்காளிச் சோறும் நாலு வர்க்கியும் அருவிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டதில் தனி ருசி.

கோயமுத்தூரிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். சனி, ஞாயிறு இப்படி மலை மலையாக நடப்பதற்கென்றே வருகிறார்களாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் இருளப்பன்தான் அவர்களைச் சின்னம்மையிடம் அனுப்பியிருக்கிறான். ஃபாக்டரி படுத்ததிலிருந்து அவளுக்கும் வாரத்தில் பாதி நாள் பேர் விழுவதில்லை, கூலியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இப்படி வருகிறவர்களுக்கு வழிகாட்டி ஏதோ பார்க்கிறாள்.

இருளப்பனைச் சாயங்காலம் டீக்கடையில் பார்த்தேன். "சார், வழிய ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா வர்றவங்களுக்குக் குடுப்பேன். உங்க எழுத்து மாதிரி வருமா?" என்றான். வராதுதான்.

4 ஜூன், ஞாயிறு

எழுதி முடித்தேன். நாலு தடவை அடித்துத் திருத்தி:

"லயத்திலிருந்து எஸ்டேட் ரோட்டில் மேல்நோக்கி வரவும். கவாத்து செய்த தேயிலைக் காடு வந்ததும் இடப்பக்கம் திரும்பவும். அங்கிருந்து பாதை ஒன்றே. தண்ணீர்ச் சத்தம் வழிகாட்டும்."

கடைசி வாக்கியம் எனக்கே பிடித்திருக்கிறது.

சின்னம்மைக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அருவிக்கரையில் வைத்து வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். அப்புறம், "கவாத்த எழுதாதீங்கய்யா. அது ஒரு எடத்துல நிக்குமா? திரும்புற எடத்துல தவளக் கல்லு கெடக்கே, அத எழுதுங்க" என்றாள்.

கோயமுத்தூர்க்காரனுக்கு எந்தக் கல் தவளை, எந்தக் கல் ஆமை என்று எப்படித் தெரியும்? கவாத்துக் காடு என்றால் கண் தெரியாதவன்கூடக் கண்டுபிடிப்பான். சொன்னேன். "நீங்க படிச்சவங்க" என்று எழுந்துவிட்டாள். கோபமா, நிஜமாகவே சொன்னாளா? இந்த அம்மாளிடம் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

17 ஜூன், சனி

ஆஃபீஸில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஸ்டென்சில் வெட்டி அறுபது காப்பி சைக்ளோஸ்டைல் எடுத்தேன். மூலையில் அருவியின் படம், என் கையாலேயே கீறியது. மேனேஜரிடம் கேட்கவில்லை. அறுபது தாளுக்கு என்ன கேட்பது?

16 ஜூலை, ஞாயிறு

மழை. போகவில்லை. அட்டைக்குக் கொண்டாட்டம்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

அருவியில் மூன்று கோஷ்டி! எல்லோர் கையிலும் என் தாள். ஒரு காலேஜ் வாத்தியார், "யார் எழுதினதோ, ரொம்பத் தெளிவா எழுதியிருக்கார்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

திரும்பும்போது சின்னம்மை லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். "இப்ப யாரும் கூப்புடுறதில்லய்யா" என்றாள். உண்மைதான், கையில் தாள் இருக்கும்போது ஆள் எதற்கு? இதை நான் யோசிக்கவில்லை. இருளப்பனிடம் சொல்ல வேண்டும்.

21 ஆகஸ்ட், திங்கள்

ஆஃபீஸில் நாள் முழுக்க டைப். ஹெட் ஆஃபீஸுக்கு இரண்டு கடிதம். பன்னிரண்டாம் நம்பர் காட்டைக் கவாத்து செய்ய ஆர்டர், நாலு காப்பி. முறைப்படி அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் இந்த விலையில் கொழுந்து எடுத்தாலும் நஷ்டம், வெட்டிப் போட்டால் ஆறு மாதம் கூலி மிச்சம் என்கிறார் மேனேஜர் ஆறுமுகசாமி. பங்கஜத்துக்குப் பல்வலி, கிராம்புத் தைலம் வாங்கி வந்தேன்.

இருளப்பனிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

9 அக்டோபர், திங்கள்

நேற்று ஒரு கஷ்டம் நடந்துவிட்டது. கோயமுத்தூரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, சரத், பிரீத்தி என்று பெயர், அவன் பேங்கில் வேலை. அருவிக்குப் போனவர்கள் வழி மாறி, பன்னிரண்டாம் நம்பருக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறார்கள். மழையில் பாறையெல்லாம் பாசி. அந்தப் பெண் வழுக்கி விழுந்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மூன்று மணி நேரம் கத்தியிருக்கிறார்கள். விறகு கட்டப் போன சின்னம்மை காதில் விழுந்து, அவள்தான் லயத்து ஆட்களைக் கூட்டி வந்து கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஜீப் குன்னூர் போய், அங்கிருந்து ராத்திரியே கோயமுத்தூர் அனுப்பிவிட்டார்களாம்.

ரோட்டிலேயே வந்தால் போதும், தாளில் அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன். சில பேருக்குப் படிக்கவும் தெரியாது.

10 அக்டோபர், செவ்வாய்

காலையில் ஆட்களைக் கூப்பிடும்போது மேனேஜர் எல்லார் முன்னாலும் சின்னம்மையை நிற்க வைத்துக் கத்தினாராம். வெளி ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரிகிறவள் அவள்தானே, அவள்தான் பள்ளத்தில் இறக்கியிருப்பாள் என்று. அவள் வாயே திறக்கவில்லையாம்.

சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்வாசலுக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். என் தாள். "அந்தப் புள்ள கையில இருந்துச்சுய்யா. நனைஞ்சு போயிருந்துச்சு, அடுப்பு மேல காய வெச்சேன்." படிக்கத் தெரியாவிட்டாலும் மூலையில் இருந்த படத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"என்கிட்ட எதுக்குக் குடுக்கிற?" என்றேன்.

"உங்க காயிதந்தானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எதற்குக் கொடுத்தாள்? விளங்கவில்லை.

11 அக்டோபர், புதன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தாளை எடுத்துக்கொண்டு, வெளியூர்க்காரன் மாதிரி, அதில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து நடந்தேன். லயத்திலிருந்து ரோட்டில் மேல்நோக்கி. பன்னிரண்டாம் நம்பர் வந்தது. மொட்டை. குச்சி குச்சியாக. இடப்பக்கம் ஒரு பாதை, கீழே இறங்குகிறது. தண்ணீர்ச் சத்தம் நன்றாகக் கேட்கிறது.

இன்னும் மேலே போனேன். ஒன்பதாம் நம்பர் பச்சைப் பசேலென்று நிற்கிறது. அது கவாத்து செய்த காடு என்று பிரம்மனே வந்தாலும் சொல்ல முடியாது. ஓரத்தில் தவளைக் கல். நிஜமாகவே தவளை மாதிரிதான் இருக்கிறது. அடப்பாவி, குமாரசாமி!

ஆஃபீஸுக்கு வந்து ஃபைலைப் புரட்டினேன். பன்னிரண்டாம் நம்பர் கவாத்து ஆர்டர், தேதி 21-8-2000. கீழே டைப் அடித்தவர் என்ற இடத்தில் கு.சா. நான்தான். நாலு காப்பி. அந்த மெஷினில்தான் அதையும் அடித்தேன், இதையும் அடித்தேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருப்பதாக ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையே! கவாத்து வருடத்துக்கு வருடம் இடம் மாறும் என்பது கொழுந்து எடுக்கிறவளுக்குத் தெரிகிறது. அதற்கான ரெஜிஸ்டரை இருபத்தேழு வருடமாக எழுதுகிறவனுக்குத் தெரியவில்லை.

ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

13 அக்டோபர், வெள்ளி

நடந்ததற்கு ஹெட் ஆஃபீஸ் விளக்கம் கேட்டிருக்கிறது. மேனேஜர் சொல்லச் சொல்ல அடித்தேன். "தற்காலிகத் தொழிலாளி சின்னம்மை என்பவர் நிர்வாகத்தின் அனுமதியின்றி வெளியாட்களை ஆபத்தான வழியில் அழைத்துச் சென்றதே இதற்குக் காரணம்." இந்த இடத்தில் என் கை நின்றது. "என்ன கிளாக்கர், ரிப்பன் போச்சா?" என்று கேட்டார். இல்லை சார் என்று சொல்லி மீதியை அடித்தேன்.

ஒரு பக்கம், மூன்று காப்பி. ஒரு பிழை இல்லை.

15 அக்டோபர், ஞாயிறு

நடக்கப் போகவில்லை. பங்கஜத்திடம் சொல்லிவிட்டேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "சும்மா இருங்க" என்றாள். "ஆஃபீஸ்ல மூணு பேர ரெண்டாக் குறைக்கறதாச் சொல்லிட்டு இருக்கறாங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? இப்பப் போயி நானுங்கன்னு கைய நீட்டுவீங்களா? ரிட்டயர் ஆவறதுக்கு இன்னும் நாலு வருசம் இருக்குது. அவளுக்கு என்ன, நாலு திட்டோட போச்சு."

நாலு திட்டோடு போய்விடும் என்றுதான் நானும் நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வது சுலபமாக இருக்கிறது. பங்கஜம் சொன்னதால் சும்மா இருக்கிறேன் என்று எழுத வந்தேன். பொய். அவள் சொல்வதற்கு முன்னாலேயே நாலு நாளாகச் சும்மாதான் இருக்கிறேன்.

18 அக்டோபர், புதன்

சின்னம்மை கொழுந்து நிறுக்கும் இடத்தில் எதிரே வந்தாள். ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

22 அக்டோபர், ஞாயிறு

நாலு திட்டோடு போகவில்லை. ஹெட் ஆஃபீஸ் பதில் நேற்று வந்தது. நவம்பர் ஒன்றிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவாள்? புருஷன் இல்லை. மகள் பந்தலூர்ப் பக்கம், அங்கேயும் இதே கதைதான், ஒரு அறையில் ஆறு பேர்.

பங்கஜம் மத்தியானம் ரேஷன் கடைக்குப் போனவள், லயத்து வழியாக வந்திருக்கிறாள். வந்ததும் முக்காடுகூட எடுக்காமல் என் எதிரே நின்றாள். "அவ அண்டா குண்டாவெல்லாம் சாக்குல கட்டிட்டிருக்கறா. என்னையப் பாத்துட்டு, உள்ள வாங்கம்மா, டீத்தண்ணி குடிங்கங்கறா. எனக்குச் செத்துப் போலாம்னு இருந்துச்சுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. போயிச் சொல்லிப்போட்டு வாங்க" என்றாள்.

"வேலை போயிருமே?"

"போனாப் போகுது. சுவாதி ஊடு இல்லீங்களா? மக ஊட்டுக்குப் போனா யாரு சிரிப்பாங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். இந்த மலையில் இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்தவள்.

23 அக்டோபர், திங்கள்

மேனேஜர் குன்னூர் போயிருந்தார். எனக்கு அதில் ஒரு நிம்மதி. சீ!

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். சின்னம்மை சாக்குமூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள், எழுந்து நின்றாள். "நான் எழுதினதாலதான் அவங்க அங்க இறங்கினாங்க. உனக்குத் தெரியும். ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அதட்டுகிற மாதிரிதான் வந்தது என் குரல், அதை என்ன செய்ய.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்யா" என்றாள். "பதினஞ்சு நாளா இருந்தேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

24 அக்டோபர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

தாளையும் ஆர்டர் காப்பியையும் மேனேஜர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் படித்தார். நெல்லிக்காயை மென்றவர் மாதிரி முகம். "இந்தத் தாளை யாராவது கேட்டாங்களா குமாரசாமி? கிழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாருங்க."

"தாளைக் கிழிக்கலாம் சார். ஆர்டர் ஃபைல்ல இருக்குதுங்களே."

"ஆஃபீஸ்ல ஒருத்தரைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. தெரியுமில்ல?"

"அந்த லெட்டரைப் பிரிச்சு உங்க மேஜையில வெச்சதே நான்தானுங்க சார்."

ஆர்டர் காப்பியை மறுபடி எடுத்துப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் மேலிருந்து தினம் ஒரு ஃபோன். கடைசியில், "சரி, எழுதிக்கங்க" என்று புது விளக்கம் சொன்னார். அடித்தேன். சின்னம்மை பெயர் இருந்த இடத்தில் என் பெயர். ஆஃபீஸ் ஸ்டென்சில், ஆஃபீஸ் தாள், அனுமதி இல்லை, எல்லாம் வந்தது. விழுந்த பெண்ணைக் காப்பாற்றியது சின்னம்மை என்று ஒரு வரி சேர்க்கலாமா சார் என்று கேட்டேன். "சேருங்க" என்றார்.

மூன்று இடத்தில் பிழை. திரும்ப அடித்தேன்.

26 அக்டோபர், வியாழன்

தீபாவளி. பங்கஜம் முறுக்குச் சுட்டாள். லயத்துக்கு ஒரு தூக்கு அனுப்பினாள். தூக்கு திரும்பி வந்தபோது உள்ளே கருப்பட்டிப் பணியாரம் இருந்தது.

20 நவம்பர், திங்கள்

சின்னம்மை பெயரை லிஸ்டில் திரும்ப எழுதச் சொல்லிக் கடிதம் வந்தது. பதினான்காவது இடத்திலேயே எழுதினேன். அடுத்த உறை எனக்கு. வேலை ஜனவரி முப்பத்தொன்றோடு சரி.

இருளப்பனிடம் மிச்சமிருந்த பதினெட்டுத் தாளையும் வாங்கி வந்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். இனிமேல் யார் வந்தாலும் சின்னம்மையிடம் அனுப்பு என்றேன். மேனேஜரும் ஞாயிறு மட்டும் அவள் கூட்டிப் போகலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதம் நன்றாக வந்திருக்கிறது.

31 ஜனவரி 2001, புதன்

மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வந்தேன்.

11 மார்ச், ஞாயிறு. கோயமுத்தூர்

சுவாதி வீடு. வெயில். பேப்பரை மூன்று தடவை படித்தேன்.

13 மே, ஞாயிறு

முதல் பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போய்விட்டு, இப்போதுதான் வீடு திரும்பினேன். ஃபேன் சுற்றுகிறது, பங்கஜம் கால் அமுக்கிவிடுகிறாள், அதையும் மீறி எழுதுகிறேன்.

இருளப்பன் லாட்ஜிலிருந்து இன்று ஒன்பது பேர், அதில் நான் ஒருவன். எல்லோருமே கோயமுத்தூர்க்காரர்கள், நானும்தான். லயத்து வாசலில் சின்னம்மை காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "சுகமாய்யா? அம்மா வரலியா?" என்று கேட்டுவிட்டு எல்லோரையும் போல என்னையும் எண்ணினாள். காலில் தடவ ஆளுக்குக் கொஞ்சம் உப்பும் புகையிலைத் தூளும், அட்டைக்கு. முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

கோஷ்டியில் ஒரு பெண் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாள், கையில் தடி. பக்கத்தில் புருஷன். "பிரீத்தி, மெதுவா" என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. போன தடவை பார்க்க முடியாமல் போன அருவியைப் பார்த்தே தீர்வேன் என்று பிடிவாதமாக வந்திருக்கிறாளாம்.

அவர்களுக்கு என்னைத் தெரியாது. தெரியாமலேயே போய்விட்டு வந்துவிடலாம். அரை மைல் அப்படித்தான் நடந்தேன். பன்னிரண்டாம் நம்பரில் கவாத்துக்கு அப்புறம் கொழுந்தே எடுக்கவில்லை, செடியெல்லாம் இடுப்புக்கு மேல் முறையில்லாமல் வளர்ந்து கிடக்கிறது. இந்த வருடம் எந்தக் காட்டிலும் கவாத்து இல்லை, கூலி கொடுத்து மாளாது. பள்ளத்துப் பக்கம் பாதை போகிற இடத்தில் அந்தப் பெண் நின்றாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவள் தடியை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன்.

"அம்மா" என்றேன். "உங்க கையில இருந்துச்சே ஒரு தாளு, அதை எழுதினது நான்தானுங்க."

புருஷன் முகம் மாறியது. ஏதோ சொல்ல வந்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் செருப்பு, என் குடை, என் நரைத்த மீசை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

"பதினோரு வாரம் படுக்கைல இருந்தேன்" என்றாள். "அந்தத் தாளு எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. தண்ணீர்ச் சத்தம் வழிகாட்டும்."

குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால். ஒன்பதாம் நம்பர் வந்தபோது ரோட்டிலிருந்து பாதை பிரியும் இடத்தில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"சரி, சொல்லுங்க. இப்ப எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தவளைக் கல் அங்கேயேதான் கிடந்தது, பக்கத்தில் சின்னம்மை எங்களுக்காக நின்றிருந்தாள்.

"சின்னம்மையைக் கேளுங்கம்மா" என்றேன்.

கேட்டாள். சின்னம்மை கல் மேல் கை வைத்துக் காட்டினாள். இடப்பக்கம் திரும்பினோம்.